கிழக்குப் பாதி

செப்டம்பர் 8, திங்கள்

எங்கள் தொண்டு நிறுவனத்தை நடத்தும் அமலோற்பவம் மேடம் களத்துக்குப் போகிற எல்லோருக்கும் ஒரு நோட்டுக் கொடுக்கிறார். நூறு பக்கம், பக்க எண் அச்சிட்டது, நூலால் தைத்தது. தினமும் எழுத வேண்டும். திரும்பி வந்ததும் அவரிடம் ஒப்படைக்க வேண்டும். நான் என்ன செய்தேன் என்பதை என் லேப்டாப்பே நிமிடக் கணக்கில் குறித்துவைத்திருக்கும் என்று சொன்னேன். "அது எனக்குப் புரியாது நவநீதன். நீங்க பேனாவால எழுதுங்க" என்றார். எழுதுகிறேன்.

ஊர் கீழச்செவ்வூர். மதுரையிலிருந்து இரண்டு பஸ், ஒரு ஷேர் ஆட்டோ. வேலை, காய்ந்து கிடக்கும் கண்மாயின் தரையை ட்ரோனால் படமெடுப்பது. மூன்று வருடமாக ஒரு ஒப்பந்தக்காரர் இதில் சவுடு மண் அள்ளியிருக்கிறார். அனுமதி மூன்றடி ஆழத்துக்கு. நிஜத்தில் எவ்வளவு ஆழம் என்று நாங்கள் ஆழ வரைபடம் போட்டுத் தர வேண்டும். அக்டோபர் 15 கோட்டாட்சியர் விசாரணை. அதற்குள் கண்மாயில் தண்ணீர் வந்துவிட்டால் எல்லாம் மூடிவிடும். அதனால் அவசரம்.

உடன் வந்திருப்பவர் ஜெரினா. இளையான்குடிக்காரர், சர்வே டிப்ளமோ. ட்ரோன் ஓட்டுவதும் தரையில் அளப்பதும் அவர். படங்களைப் பத்திரப்படுத்தி வரைபடம் ஆக்குவது நான். எனக்கு சமுதாயக்கூடம், அவருக்கு பூமயில் என்பவர் வீடு. ஊரில் சிக்னல் கிடையாது. மடைக்கு மேலே கரையில் நின்றால் ஒரு கோடு வருகிறது, அதுவும் மனசு வைத்தால்.

சமுதாயக்கூடத்தில் பிளக் பாயிண்ட் ஒன்றுதான். அதிலும் மைக்செட்காரன் மாதிரி யாரோ ஒயர் இழுத்து வைத்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 9, செவ்வாய்

காலை ஆறரைக்குப் பறக்க ஆரம்பித்தோம். 410 படம்.

படங்களை ஏற்ற நான் வைத்திருக்கும் கிட் (Git) என்ற மென்பொருள் என்னவென்று ஜெரினா கேட்டார். வேலையின் ஒவ்வொரு நிலையையும் தேதி போட்டு வைத்துக்கொள்ளும் பேரேடு என்றேன். நெட் இல்லாமலேயே எழுதிக்கொண்டு போகலாம், நெட் கிடைத்ததும் மதுரை சர்வருக்குத் தள்ளிவிடலாம். படம் மாதிரிப் பெரிய கோப்புகளைப் பேரேட்டில் ஒட்டினால் அது ஊதிப்போகும். அதனால் படம் தனிக் கிடங்கில் இருக்கும். பேரேட்டில் அதற்குப் பதில் மூன்று வரிச் சீட்டு: இந்தப் படத்தின் கைரேகை இது, எடை இவ்வளவு. சைக்கிள் ஸ்டாண்டு டோக்கன் மாதிரி. டோக்கனைக் காட்டினால் சைக்கிள் வரும்.

மேடம் ஒரு ஹார்ட் டிஸ்க்கும் கொடுத்திருந்தார். நான் அதை மதுரையிலேயே மேசை டிராயரில் போட்டுவிட்டு வந்தேன். ஜெரினா பையில் தேடிவிட்டு எங்கே என்றார். கிட் இருக்கும்போது அது எதற்கு, மிக்ஸி வைத்துக்கொண்டு அம்மியையும் தூக்கி வருவதா என்றேன்.

"எங்க வீட்ல கரண்டு போனா அம்மிலதான் அரைப்போம்" என்றார்.



செப்டம்பர் 11, வியாழன்

கிழக்குப் பாதியில்தான் பள்ளங்கள் இருக்கின்றன. பதினொன்று. மேற்கு சும்மா மட்டமான தரை. ஆனாலும் முழுக் கண்மாயும் வேண்டும் என்கிறார் மேடம்.

வடகிழக்குப் பள்ளம்தான் பெரியது. போன வருடம் கார்த்திகையில் அதில்தான் பூமயில் அக்காவின் கணவர் சோணைமுத்து இறந்தார். கன்றுக்குட்டி தண்ணீருக்குள் இறங்கிவிட்டது, பின்னாலேயே போயிருக்கிறார். பிறந்ததிலிருந்து நடந்த கண்மாய், அந்த இடத்தில் நெஞ்சளவுதான் என்று அவருக்குத் தெரியும். நெஞ்சளவு இல்லை. அதிகாரிகள் எழுதிய அறிக்கையில் 'மது அருந்திய நிலையில் தவறி விழுந்து' என்று இருக்கிறது. அவர் குடிக்கிறவர் இல்லையாம். கன்று கரையேறிவிட்டது. இப்போது பசுவாகிவிட்டது. ஜெரினா அதன் பாலில்தான் காபி குடிக்கிறார்.

பூமயில் அக்கா கேட்பது ஒன்றே ஒன்று. அந்தப் பள்ளம் எத்தனை அடி என்று அரசாங்கத் தாளில் வர வேண்டும். நெஞ்சளவுத் தண்ணீரில் நிதானமாக இருக்கிற ஆள் சாக மாட்டான், பதினேழு அடியில் யாராக இருந்தாலும் சாவான். அவ்வளவுதான் அவர் வாதம். சரியான வாதம்.

இன்று மதியம் வெயிலில் ஜெரினா அந்தப் பள்ளத்துக்குள்ளேயே இறங்கி, ஜிபிஎஸ் கோலை நட்டு ஒரு புள்ளி அளந்து தன் நோட்டில் எழுதிக்கொண்டார். நாற்பது நிமிடம் போனது. படத்திலேயே ஆழம் வந்துவிடும், இது நேர விரயம் என்று மேலே இருந்து கத்தினேன். "ஒத்துப் பாக்க ஒண்ணு வேணும்ல" என்று கீழே இருந்து சொன்னார். பள்ளத்துக்குள்ளிருந்து குரல் கிணற்றிலிருந்து வருவது போல வந்தது.

செப்டம்பர் 13, சனி

காற்று. பறக்கவில்லை. துணி துவைத்தேன்.

செப்டம்பர் 15, திங்கள்

கிழக்குப் பாதி முடிந்தது. 3,912 படம், 34 ஜிபி. கிட்டில் ஏற்றிவிட்டேன்.

சாயங்காலம் லேப்டாப்போடு மடைக்கு மேலே போனேன். ஒரு கோடு வந்தது. தள்ளிவிடு என்று கட்டளை கொடுத்தால் முதலில் படங்களை அனுப்பப் பார்க்கிறது, பிறகுதான் பேரேடு. இந்த வேகத்தில் படங்கள் போய்ச் சேர நான்கு நாள் ஆகும். கரையில் நான்கு நாள் நின்றால் என்னைக் காவல்தெய்வமாக்கி விடுவார்கள். படங்களைத் தாண்டிவிட்டுப் பேரேட்டை மட்டும் அனுப்பவும் வழி உண்டு. அப்படி அனுப்பினேன். பத்து நொடி. மறந்துவிடாமல் இருக்கப் பேரேட்டில் குறிப்பும் போட்டேன்: 'படங்கள் பிறகு வரும்.'

செப்டம்பர் 16, செவ்வாய்

மேற்குப் பாதி ஆரம்பம். மெமரி கார்டு இரண்டுதான், இரண்டும் நிரம்பி இருக்கின்றன. ஜெரினா கேட்டார்: "கிழக்கு எல்லாம் பத்திரமா இருக்கா? கார்ட அழிக்கலாமா?"

"கிட்ல ஏத்தியாச்சு. தாராளமா அழிங்க."

"மதுரைக்கும் போயிருச்சா?"

"நேத்தே தள்ளிட்டேன்."

அழித்தார். மதியச் சாப்பாட்டில் புளிக்குழம்பு. நன்றாக இருந்தது.

செப்டம்பர் 18, வியாழன்

மடைக்குப் போக நேரமில்லை. படங்களை மதுரைக்குப் போனதும் கேபிளிலேயே அனுப்பிக்கொள்ளலாம்.

செப்டம்பர் 20, சனி

லேப்டாப் நிரம்பிவிட்டது. மேற்கின் மூன்றாம் நாள் படங்கள் ஏற மறுக்கின்றன. ஜெரினா ட்ரோனைக் கையில் வைத்துக்கொண்டு, காற்று வருவதற்குள் பறக்க வேண்டும் என்று இரண்டு தரம் சொல்லிவிட்டார்.

சர்வருக்குப் போய்ச் சேர்ந்தவற்றை இங்கிருந்து கழித்துக்கட்ட ஒரு கட்டளை இருக்கிறது. அதைப் போட்டேன். சமீபத்தியவற்றைத் தொட மாட்டேன் என்றது, அதையும் சேர்த்துக்கொள் என்றேன். சர்வரைக் கேட்டுச் சரிபார்த்துவிட்டு அழி என்றும் சொல்லலாம். அதற்கு நெட் வேண்டும், நெட்டுக்கு மடை வரை நடக்க வேண்டும். அனுப்பாததை அது தொடாது, அவ்வளவு அறிவு அதற்கு உண்டு. என்ன அழிகிறது என்று ஒரு பட்டியல் ஓடியது. நான் பேட்டரி சார்ஜ் பார்க்கப் போய்விட்டேன். வந்தபோது நிறைய இடம் இருந்தது.

செப்டம்பர் 24, புதன்

மேற்கும் முடிந்தது. மேற்குப் படங்களில் ஒன்றுமில்லை, ஆட்டுப் புழுக்கையும் கருவேலமும்தான். கிளம்பும்போது பூமயில் அக்கா ஜெரினாவின் கையில் ஒரு தூக்குவாளி நெய் கொடுத்தார். எனக்கு ஒரு பை கொய்யா. "அளந்துட்டீகள்ல தம்பி?" என்று மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் ஆமாம் என்றேன். மூன்றாவது தரம் கொஞ்சம் எரிச்சலாகச் சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 27, சனி

மதுரை அலுவலகம். வரைபடம் போட உட்கார்ந்தேன். பெரிய கம்ப்யூட்டரில் கிழக்குப் பாதியைக் கூப்பிட்டேன். 3,912 பெயர்களும் வரிசையாக வந்தன. ஒரு படத்தைத் திறந்தேன், திறக்கவில்லை. அளவு பார்த்தேன். எட்டு மெகாபைட் இருக்க வேண்டிய இடத்தில் 132 பைட். அது படம் இல்லை, சீட்டு. அடுத்தது 132. அடுத்தது 132. கடைசி வரை உருட்டினேன்.

சர்வரில் இல்லை, ஏனென்றால் நான் அனுப்பவில்லை. லேப்டாப்பிலும் இல்லை. பேரேடு போய்விட்டால் படங்களும் கூடவே போயிருக்கும் என்றுதான் 20ஆம் தேதி நான் போட்ட அந்த அழிக்கும் கட்டளை எடுத்துக்கொள்ளும். யாரும் அப்படித் தாண்டி அனுப்ப மாட்டார்கள் என்று அதை எழுதியவர்கள் நம்பியிருக்கிறார்கள்.

ஐந்து மணிக்கு மேடம் கிளம்பும்போது, "கிழக்கு எப்படி வந்திருக்கு?" என்றார்.

"ஓடிட்டிருக்கு மேடம்" என்றேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

கார்டுகளில் மீட்பு மென்பொருள் ஓட்டினேன். மேலேயே மேற்குப் பாதி எழுதியிருக்கிறது. கிழக்கின் 41 படம் கிடைத்தது, எல்லாம் பாதி சாம்பல் நிறம். லேப்டாப்பில் ஒன்றும் கிடைக்கவில்லை. சாப்பிடவில்லை. கொய்யா பையிலேயே பழுத்து அறையெல்லாம் வாசம்.

செப்டம்பர் 29, திங்கள்

பேரேட்டில் சின்னத் திருத்தம் ஒன்று செய்தேன். 15ஆம் தேதிப் பதிவின் குறிப்பு வாக்கியம் சரியாக இல்லை.

இன்றும் மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கிறது. ட்ரோன் பீரோவில்தான் இருக்கிறது. ஜெரினா மேற்குப் பாதியின் அளவுகளைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

செப்டம்பர் 30, செவ்வாய்

மதியம் மேடத்துக்கு கண்மாய்ச் சங்கத் தலைவர் முத்திருளாண்டியிடமிருந்து போன். கால்வாயில் முந்தாநாளே தண்ணீர் திறந்துவிட்டார்களாம், மேல் ஊர்க் கண்மாய் நிறைந்து இன்றோ நாளையோ இங்கே வந்துவிடும், உங்கள் வேலை முடிந்துவிட்டதல்லவா என்று ஒரு வார்த்தை கேட்கக் கூப்பிட்டிருக்கிறார். மேடம் சந்தோஷமாக, முடிந்துவிட்டது என்றார்.

அப்போதுதான் நான் எழுந்து போய்ச் சொன்னேன். கிழக்குப் படங்களில் பிரச்சினை, கார்டில் கோளாறு போலிருக்கிறது, சரிபார்ப்பதற்கு முன்னால் கார்டு அழிக்கப்பட்டுவிட்டது. 'அழிக்கப்பட்டுவிட்டது' என்றுதான் சொன்னேன். யார் என்று சொல்லவில்லை. கார்டு யார் கையில் இருக்கும் என்று மேடத்துக்குத் தெரியும்.

நாளை விடிந்ததும் கார் எடுத்துக்கொண்டு போகிறோம். பள்ளங்களை மட்டும் எடுக்க நான்கு மணி நேரம் போதும்.

அக்டோபர் 1, புதன்

ஏழரைக்குப் போய்ச் சேர்ந்தோம். நேற்று மாலையே வந்துவிட்டது.

பெரிய வெள்ளமெல்லாம் இல்லை. பழுப்பாக, நுரையோடு, எறும்பு ஊர்வது போல வந்திருக்கிறது. தாழ்வான இடத்துக்குத்தானே முதலில் போகும். பதினொரு பள்ளமும் விளிம்பு வரை நிறைந்து, தரையில் இன்னும் கணுக்கால் அளவுதான் நிற்கிறது. ஜெரினா ட்ரோனைப் பெட்டியிலிருந்து எடுக்காமலே கரையில் நின்றார்.

ஊர் முழுக்கக் கரையில் இருந்தது. இரண்டு வருடம் கழித்து ஐப்பசிக்கு முன்னால் தண்ணீர் வந்திருக்கிறது. மடை முன்னால் பொங்கல் வைத்தார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். பூமயில் அக்காவும் போட்டார். அவருக்கும் அரை ஏக்கர் வயல் இருக்கிறது. எங்களைப் பார்த்ததும் தண்ணீர் பார்க்க வந்தோம் என்று நினைத்து, வாழை இலையில் பொங்கல் கொண்டு வந்தார். தண்ணீரை வெறுத்துக்கொண்டு அந்தக் கரையில் நின்றவன் நான் ஒருவன்தான். பொங்கலைத் தின்றேன்.

அக்காவிடம் ஜெரினாதான் சொன்னார். என்ன சொன்னார் என்று தெரியவில்லை, நான் காருக்குப் போய்விட்டேன்.

அக்டோபர் 4, சனி

நன்கொடை தருபவர்களுக்கும் வக்கீலுக்கும் விளக்க அறிக்கை போக வேண்டும், தொழில்நுட்பப் பகுதியை நீங்கள் எழுதுங்கள் என்றார் மேடம். எழுதினேன். 'கள அளவையாளர், தரவு சேர்ந்ததை உறுதி செய்யாமல் நினைவக அட்டைகளை அழித்ததால் கிழக்குப் பகுதியின் படங்களை மீட்க இயலவில்லை.' வாக்கியத்தில் பொய்யான சொல் ஒன்றுகூட இல்லை. திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன், ஒன்றுகூட இல்லை.

ஒன்பது பேருக்குப் போனது. அடுத்த கண்மாய்க்கு வேறு அளவையாளர் பார்க்கச் சொல்லியிருக்கிறார் மேடம். ஜெரினாவின் ஒப்பந்தம் இம்மாதத்தோடு முடிகிறது, புதுப்பிக்கவில்லை. இரண்டு மணிக்குத் தன் டிபன் பாக்ஸ், ஸ்கேல், செருப்பு எல்லாம் எடுத்துக்கொண்டு போனார். என்னைப் பார்த்து, "நீங்க அழிக்கச் சொன்னீங்கள்ல நவநீ?" என்று மட்டும் கேட்டார். சண்டை போடுகிற குரல் இல்லை. தனக்கு ஞாபகம் சரியாக இருக்கிறதா என்று கேட்கிற குரல்.

"ஞாபகமில்ல" என்றேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

அறையைக் கூட்டினேன். கொய்யாவைக் கொட்டினேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

பூமயில் அக்கா இரண்டு பஸ் பிடித்து அலுவலகத்துக்கு வந்துவிட்டார். மேடம் வக்கீலைப் பார்க்கப் போயிருந்தார். நான்தான் இருந்தேன். மஞ்சள் பையோடு எதிரே உட்கார்ந்தார். ஜெரினாவைப் பார்க்க வந்தேன் என்றார். இல்லை, வேலையை விட்டுவிட்டார் என்றேன். தெரியும், போனில் பேசினேன், அதனால்தான் வந்தேன் என்றார்.

படங்கள் எங்கே போயின என்று கேட்டார். இவருக்கு என்னவென்று சொல்வது என்ற எரிச்சலோடுதான் ஆரம்பித்தேன். கிடங்கு, பேரேடு, சீட்டு, சைக்கிள் ஸ்டாண்டு டோக்கன். கம்ப்யூட்டர் திரையைத் திருப்பி 3,912 பெயர்களையும் காட்டினேன். விரலால் திரையைத் தொட்டு ஒரு பெயரைக் காட்டி, இது எந்தப் பள்ளம் என்றார். தெரியவில்லை என்றேன்.

"அப்ப டோக்கன் இருக்கு. சைக்கிளு இல்ல" என்றார்.

ஆமாம் என்றேன்.

"சைக்கிள ஸ்டாண்டுல விட வேண்டியது யாரு?"

அது நான் என்றேன்.

"அந்தப் பிள்ள கார்டத்தான அழிச்சுச்சு. நீ சொல்லி அழிச்சேன்னு சொல்லுது. ஓங்க காயிதத்துல அது மேல எழுதி அனுப்பிருக்கீகளாமே."

அது ஒரு தொழில்நுட்ப விளக்கம், அதில் பொய் எதுவும் இல்லை என்றேன்.

அவர் பையைத் திறந்து பிளாஸ்டிக் உறைக்குள் மடித்த ஒரு தாளை எடுத்தார். போன வருட அறிக்கையின் நகல். மடிப்பில் கிழிந்து செலோடேப் ஒட்டியிருந்தது. விரித்து என் கீபோர்டின் மேல் வைத்தார்.

"எங்க வீட்டுக்காரருக்கும் இப்பிடித்தான் ஒரு வரி எழுதிக் குடுத்தாக. எழுதுனவருக்கு அவரு ஆரு, குடிப்பாரா மாட்டாரான்னு ஒண்ணும் தெரியாது. ஏதாச்சும் எழுதணும்ல, எழுதுனாரு. ஒனக்கு அந்தப் பிள்ளையத் தெரியுந்தான தம்பி?"

தண்ணீர் கொண்டு வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், பஸ் போய்விடும் என்று தாளை மடித்துக்கொண்டு கிளம்பினார்.

அக்டோபர் 8, புதன்

இந்த நோட்டை மேடம் இன்னும் கேட்கவில்லை. கேட்பார். இரண்டு நாளாக 4, 6, 7ஆம் பக்கங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பக்க எண் அச்சிட்டது. நூலால் தைத்தது. ஒன்றைக் கிழித்தால் மறுபக்கத்துத் தாளும் கழன்று வரும். ஏன் இப்படி ஒரு நோட்டைத் தேடி வாங்குகிறார் என்று இப்போது புரிகிறது.

முழுதாக எழுதுகிறேன். 15ஆம் தேதி படங்களை அனுப்பாமல் பேரேட்டை மட்டும் அனுப்பினேன். 16ஆம் தேதி ஜெரினா இரண்டு தரம் கேட்டார், இரண்டு தரமும் பத்திரம் என்றேன். 20ஆம் தேதி சரிபார்க்காமல் அழித்தேன். 27ஆம் தேதி தெரிந்துகொண்டேன். அன்றே சொல்லியிருந்தால் அன்று இரவே கிளம்பி 28 காலையில் பறந்திருக்கலாம். கண்மாய் 30ஆம் தேதி மாலை வரை காய்ந்துதான் கிடந்தது. எனக்கு மூன்று நாள் இருந்தது. மூன்று நாளும் ட்ரோன் இருந்த பீரோவுக்கு நாலடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். 29ஆம் தேதி நான் செய்த திருத்தம், 'படங்கள் பிறகு வரும்' என்ற என் சொந்தக் குறிப்பை அழித்தது.

அழிந்தது படம் மட்டுமென்றால் அது பிழை. இந்த மூன்று நாளுக்கு வேறு பெயர்.

நோட்டை மேடத்தின் மேசையில் வைத்துவிட்டு எதிரே நின்றேன். உட்காரச் சொல்லவில்லை. முழுக்கப் படித்தார். குலவை வருகிற பக்கத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியில், "அந்த ஹார்ட் டிஸ்க்கு எந்த டிராயர்ல இருக்கு?" என்று கேட்டார். காட்டினேன். எடுத்துப் பார்த்தார், நான் உறையைக்கூடப் பிரித்திருக்கவில்லை. ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு நோட்டைத் திருப்பித் தந்தார். "தொடர்ந்து எழுதுங்க" என்றார். திட்டியிருக்கலாம்.

அக்டோபர் 9, வியாழன்

ஜெரினாவுக்குப் போன் செய்தேன். மூன்றாவது தரம் எடுத்தார். மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். வாக்கியம் நீளமாகிக்கொண்டே போனது. நடுவில் நிறுத்தினார்.

"அந்த அறிக்கை எத்தன பேருக்குப் போச்சு?"

ஒன்பது பேருக்கு என்றேன்.

"அந்த ஒம்பது பேருக்கும் போகணும். மேடம் பேர்ல இல்ல, உங்க பேர்ல. எனக்குத் தனியா ஒண்ணும் வேணாம்."

அனுப்பினேன். 'நவநீதன் ஆகிய நான்' என்று ஆரம்பித்து ஆறு வரி. ஆறு வரிக்கு நாலு மணி நேரம் ஆனது. மேடம் ஜெரினாவைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார். யோசித்துச் சொல்கிறேன் என்றாராம்.

அக்டோபர் 15, புதன்

விசாரணை. பூமயில் அக்கா, முத்திருளாண்டி, வக்கீல், மேடம், நான். ஜெரினாவும் வந்திருந்தார். அவர் நோட்டில் இருக்கும் அந்த ஒரு வரிக்காக வக்கீல் வரச் சொல்லியிருந்தார். வடகிழக்குப் பள்ளம், அடித்தளம், சுற்றுத் தரையைவிடப் பதினேழு அடி இரண்டு அங்குலம் கீழே. செப்டம்பர் 11, மதியம் 1.20. நேர விரயம் என்று நான் கத்திய நாற்பது நிமிடம். 3,912 படமும் போய், மிஞ்சியது அதுதான்.

கோட்டாட்சியர் பொறுமையானவர். நோட்டை வாங்கிப் பார்த்தார், தேதியைப் பார்த்தார், ஜெரினாவை நாலு கேள்வி கேட்டார். ஒரே ஒரு புள்ளி, கையால் எழுதியது, படம் ஏன் இல்லை என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த எழுத்தர் எனக்காகக் காத்திருக்காமல், தொழில்நுட்பக் கோளாறு காரணமாக என்று முணுமுணுத்துக்கொண்டே எழுதினார்.

நான் அப்படி இல்லை சார் என்றேன். கோளாறு எதுவும் இல்லை, கருவி எல்லாம் சரியாக வேலை செய்தது, நான் சரிபார்க்காமல் அழித்தேன், தெரிந்த பிறகும் மூன்று நாள் மறைத்தேன். எழுத்தர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி கோட்டாட்சியரைப் பார்த்தார். இதற்கெல்லாம் வாசகம் இல்லை என்பது மாதிரி ஒரு பார்வை.

"அவர் சொல்றத எழுதுங்க" என்றார் கோட்டாட்சியர்.

அடித்துவிட்டு எழுதினார். என் பெயருக்கு எழுத்து கேட்டார். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். பின்னால் பூமயில் அக்கா உட்கார்ந்திருந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

முடிவு: ஒரு புள்ளி பதிவு செய்யப்படுகிறது, ஆனால் போதாது. கண்மாய் வற்றியதும் மறு அளவை. அதுவரை விசாரணை ஒத்திவைப்பு, மண் எடுக்கத் தடை. அந்தப் பழைய வரி அப்படியே இருக்கும். சோணைமுத்து இன்னும் ஒரு வருடம் குடித்துவிட்டு விழுந்தவராகத்தான் இருப்பார்.

வெளியே வேப்பமரத்தடியில் பூமயில் அக்கா எல்லோருக்கும் டீ சொன்னார். எனக்கும் ஒன்று வந்தது. "வத்துனதும் சொல்றேன்" என்றார். என்னிடம் சொன்னாரா ஜெரினாவிடம் சொன்னாரா என்று தெரியவில்லை. இரண்டு பேரும் தலையாட்டினோம்.

நவம்பர் 22, சனி

நல்ல மழை. கீழச்செவ்வூரில் கண்மாய் நிறைந்து கலுங்கு வழிகிறதாம். முத்திருளாண்டி வீடியோ அனுப்பினார். சின்னப் பிள்ளைகள் கரையோடு நிறுத்தப்பட்டிருக்கிறார்கள், யாரையும் உள்ளே விடவில்லை.

மே 6, புதன்

வேறு ஊர் வேலைகளையும் எழுதி எழுதி, இந்த நோட்டில் கடைசி இரண்டு பக்கம்தான் மிச்சம் இருக்கிறது.

காலை ஏழு மணிக்கு பூமயில் அக்கா போன். என்னைத்தான் கூப்பிட்டார். ஜெரினா எடுக்கவில்லையாம், அதனால்.

"தம்பி, கண்மாய் காஞ்சிருச்சு. நடுவுல வண்டி போகுது. பள்ளத்துல மட்டும் தண்ணி நிக்குது. கரையில நின்னு பாத்தா தெரியுது, இங்கிட்டு ஒண்ணு, அங்கிட்டு ஒண்ணு, கண்ணாடி மாதிரி. எண்ணிட்டேன். பதினொண்ணு."

அந்தத் தண்ணீரும் வற்ற எவ்வளவு நாளாகும் என்று கேட்டேன். சின்னது ஆனியில் வற்றும், அவர் பள்ளம் வற்ற ஆடி பிறந்துவிடும் என்றார். 'அவரு பள்ளம்' என்றுதான் சொன்னார், வடகிழக்குப் பள்ளம் என்று சொல்லவில்லை.

ஜெரினாவுக்குச் செய்தி அனுப்பினேன். அவர் இப்போது மானாமதுரைப் பக்கம் வேறொரு நிறுவனத்தில் இருக்கிறார். மதியம் பதில் வந்தது: 'லீவு போட்டுட்டு வர்றேன். கார்டு என் கையிலதான் இருக்கும். எப்ப அழிக்கணும்னு நான் சொல்வேன்.'

சரி என்று அனுப்பினேன். டிராயரைத் திறந்து ஹார்ட் டிஸ்க்கின் உறையைப் பிரித்தேன்.